பரங்கிக் கொடிக்கு வழி வகுத்து வளர்ப்பது எப்படி

பரங்கி விதையை ஊன்றுவதற்கு முன்னால், கொடி எந்தப் பக்கம் ஓடவேண்டும் என்பதை முதலில் முடிவு செய்துகொள்ள வேண்டும். குழி எங்கே என்பது அதற்கு அடுத்த கேள்விதான். நல்ல மண்ணில் ஒரு கொடி 15 அடி, 20 அடி என்று ஓடும். அதன் கணுக்களிலிருந்து கிளம்பும் பக்கக் கொடிகள் வேறு. ஒவ்வோர் இலையும் சாப்பாட்டுத் தட்டு அகலத்துக்கு விரிந்து, கீழே இருப்பதன் மேல் வெயில் விழாமல் செய்துவிடும். முளைத்த முதல் மூன்று வாரங்கள் செடி ஓரிடத்தில் அடங்கி இருப்பதைப் பார்த்து ஏமாறுகிறோம். அதன்பின் ஒரு மழை பெய்ததும் ஒரு நாளில் அரை அடி நகரத் தொடங்குகிறது. மிளகாய்ப் பாத்திக்குள் அது நுழைந்து, பற்றுச் சுருள்களால் நான்கு செடிகளைச் சேர்த்துப் பிடித்துக்கொண்ட பிறகு வழி தேடினால், கொடியை அறுப்பதா மிளகாயை இழப்பதா என்ற நிலைதான் மிஞ்சும்.

இங்கே பரங்கி என்று சொல்வது, கொங்குப் பகுதியில் அரசாணிக்காய் என்றும் மற்ற ஊர்களில் மஞ்சள் பூசணி, சர்க்கரைப் பூசணி என்றும் வழங்கும் காயை. கல்யாண வீட்டுச் சாம்பாருக்கும் திருஷ்டிக்கும் வாங்குகிற வெண்பூசணி வேறு இனம்; அது ஆசியாவுக்கு உரியது. பரங்கியோ அமெரிக்கக் கண்டத்தில் பிறந்து, பறங்கியர் என்று நம்மவர் அழைத்த ஐரோப்பியர் வருகைக்குப் பின் இங்கே பரவியது. பெயரிலேயே அந்த வரலாறு ஒட்டிக்கொண்டிருக்கிறது. அது பிறந்த மண்ணில் அங்குள்ள பழங்குடியினர் மக்காச்சோளத்தையும் அவரை இனத்தையும் அதனோடு சேர்த்தே விதைத்தார்கள். சோளத்தட்டை அவரைக்குக் கொழுகொம்பாக நிற்க, பரங்கி இலைகள் தரையை மூடிக் களையை அடக்கின. இடம் இருப்பவர்கள் மக்காச்சோளப் பாத்தியின் ஓரத்தில் ஒரு குழி போட்டு இதைச் செய்து பார்க்கலாம். கொடியின் வேகம் அங்கே தொந்தரவாக இல்லாமல் மூடாக்காகப் பயன்படும்.

விதைப்புக்கு இரண்டு பருவங்கள் ஏற்றவை. ஒன்று ஆடிப்பட்டம், மற்றொன்று மார்கழி, தை. ஆடியில் ஊன்றிய கொடி ஆவணி, புரட்டாசியில் பூத்து, கார்த்திகையில் முற்றிய காய் தரும். அதைப் பத்திரப்படுத்தினால் பொங்கலன்று கூட்டுக்கும் குழம்புக்கும் வீட்டுக் காயே ஆகும். இதில் ஒரு சிக்கலும் உண்டு. ஐப்பசியில் வடகிழக்குப் பருவமழை இறங்கும்போது காய்கள் தரையில் கிடக்கும். களிமண் பூமியில் அவை அழுகும். ஆகவே ஆடியில் விதைப்பவர்கள் குழியின் வாயைத் தரைமட்டத்திலிருந்து அரை அடியாவது உயர்த்தி மேடாக்கி, சுற்றிலும் நீர் வடிய ஒரு சிறு வாய்க்கால் எடுத்துவிட வேண்டும். மார்கழிக் கோலத்தில் வைக்கப் பூ வேண்டும் என்பவர்கள் ஐப்பசிக் கடைசியில் தனியாக ஒரு குழி போட்டால், முதலில் வரும் ஆண் பூக்கள் சரியாக அந்த மாதத்துக்குக் கிடைக்கும்.

இரகத்தைத் தேர்ந்தெடுக்கும்போது காயின் சுவையோடு அதன் எடையையும் பார்க்க வேண்டும். தமிழ்நாடு வேளாண்மைப் பல்கலைக்கழகத்தின் கோ 1 இரகக் காய் 7 முதல் 8 கிலோ வரை எடை கொள்ளும், வயதும் ஏறக்குறைய 175 நாள். கோ 2 இரகம் 135 நாளில் முடிந்துவிடும், காயும் 1.5 முதல் 2 கிலோதான். பெங்களூரு இந்தியத் தோட்டக்கலை ஆராய்ச்சி நிறுவனத்தின் அர்க்கா சந்தன் 2 முதல் 3 கிலோ வரை காய்க்கும். நாலைந்து பேர் உள்ள குடும்பத்துக்கு 8 கிலோ காயை அறுத்தால் பாதி வீணாகும் அல்லது தெருவுக்கே பங்கிட வேண்டும். பங்கிடுவதில் எனக்கு மகிழ்ச்சிதான் என்றாலும், சிறு தோட்டத்துக்கும் பந்தலுக்கும் சிறு காய் இரகங்களையே நான் பரிந்துரைப்பேன்.

குழி, நாள் முழுவதும் வெயில் விழும் இடத்தின் ஓரத்தில் இருக்கட்டும். கொடி ஓடும் தரை அதற்கு முன்னால் காலியாக இருக்கட்டும். ஒன்றரை அடி நீளம், அகலம், ஆழத்தில் குழி எடுத்து, மேல்மண்ணோடு நன்கு மட்கிய தொழு உரம் 10 கிலோ, வேப்பம் புண்ணாக்கு இரண்டு கைப்பிடி, கொஞ்சம் அடுப்புச் சாம்பல் ஆகியவற்றைக் கலந்து நிரப்பி, ஒரு வாரம் ஆறவிட வேண்டும். இரண்டு குழிகளுக்கு இடையே 2 மீட்டருக்குக் குறையாத இடைவெளி வேண்டும். ‘மட்கிய’ என்ற சொல்லை நான் அழுத்திச் சொல்வதற்குக் காரணம் இருக்கிறது. ஓர் ஆண்டு, மட்காத சாணத்தை இரண்டு கூடை கொட்டி, அதற்கு மேல் மாதத்துக்கு இரண்டு முறை மீன் அமிலமும் (மீன் கழிவை வெல்லத்தில் ஊறவைத்து எடுக்கும் கரைசல்) ஊற்றினேன். கொடி கருகருவென்று ஏறி மதிற்சுவரைத் தாண்டிப் பக்கத்து வீட்டுத் துணிக்கொடிவரை போயிற்று. தண்டு பெருவிரல் பருமன் இருந்தது. மூன்று மாதத்தில் அதில் நான் பறித்தது ஒரே ஒரு காய். தழைச்சத்து மிகுந்தால் கொடி இலையையும் ஆண் பூவையுமே தள்ளும். பெண் பூவுக்கு அது எளிதில் திரும்பாது. குழியில் போட்ட அடியுரத்துக்குப் பின், விதைத்து 30 நாள் கழித்து ஒரு கூடை மண்புழு உரமோ கடலைப் புண்ணாக்குக் கரைசலோ ஒரு முறை கொடுத்தால் போதும். அதன்பின் பூக்கும் காலத்தில் 10 லிட்டர் நீருக்கு 300 மில்லி பஞ்சகவ்யம் கலந்து இலைகளில் தெளிக்கலாம்.

ஒரு குழிக்கு ஐந்து விதைகளை ஓர் அங்குல ஆழத்தில் ஊன்றி, 15 நாள் கழித்து வலுவான இரண்டை மட்டும் விட்டு மற்றவற்றைக் கத்தரியால் அடியில் நறுக்கிவிட வேண்டும். பிடுங்கினால் ஒட்டியிருக்கும் செடியின் வேரும் அசையும். இந்தப் பதினைந்து நாளில்தான் சிவப்பு வண்டு வரும். செம்மஞ்சள் நிறத்தில், அரிசியை விடச் சற்றுப் பெரிதாக இருக்கும் இந்த வண்டு விதையிலைகளைத் துளைதுளையாக அரித்துவிடும்; நான்கு வண்டுகள் சேர்ந்தால் இரண்டு நாளில் நாற்று மொட்டைத் தண்டாகிவிடும். வெயில் ஏறியபின் அவை தொட்டவுடன் பறந்துவிடும் என்பதால், பனி ஈரம் உலராத காலைப் பொழுதில், அவை மந்தமாக இருக்கும்போது கையால் பிடித்துச் சோப்பு நீரில் போட வேண்டும். அதே ஈரத்தின் மேல் சலித்த சாம்பலைத் தூவினால் அது இலையில் ஒட்டிக்கொண்டு சில நாள் காக்கும். மழை பெய்தால் மறுபடியும் தூவ வேண்டும். செடி ஆறேழு இலை விட்டுவிட்டால் இந்த வண்டால் பெரிய ஆபத்து இல்லை. ஆனால் அதன் புழுக்கள் மண்ணுக்குள் வேரைக் கடிப்பதால், குழியைச் சுற்றி மண்ணை அவ்வப்போது மேலாகக் கொத்திவிடுவது நல்லது.

கொடி ஓடத் தொடங்கியபின் வேண்டியது நாள்தோறும் ஐந்து நிமிடப் பார்வை. நுனி எந்தப் பக்கம் திரும்புகிறதோ அதை மெல்ல நமக்கு வேண்டிய திசைக்குத் திருப்பி, ஒரு சிறு கவைக்குச்சியை மேலே குத்தி நிறுத்த வேண்டும். இதைக் காலையில் செய்யக்கூடாது. இரவில் நீர் ஏறி விறைத்து நிற்கும் தண்டு, காலையில் கீரைத்தண்டு போல ஒடியும். பிற்பகல் மூன்று, நான்கு மணிக்கு வெயிலில் துவண்டு இருக்கும்போது அதே தண்டு கயிறு போல வளையும். நுனியிலிருந்து இரண்டு மூன்று அடியை மட்டுமே நகர்த்தலாம். அதற்குப் பின்னால் உள்ள பகுதி கணுக்களில் வேர்விட்டிருக்கும், அதைத் தூக்கினால் வேர் அறும். மிளகாயையோ கத்தரியையோ பற்றிக்கொண்ட சுருள்களை இழுக்காமல் கத்தரிக்கோலால் வெட்டுங்கள். இழுத்தால் சுருள் அறுவதற்கு முன் மிளகாய்க் கிளை முறியும்.

அந்தக் கணு வேர்களை நாமாகவே ஊக்குவிப்பதும் நல்லது. நான்கு அடிக்கு ஒரு கணுவைத் தேர்ந்து, அதன் கீழ் மண்ணைக் கொத்தி, ஒரு கைப்பிடி தொழு உரம் இட்டு, கணுவின் மேல் ஈரமண்ணை அணைத்துவிட்டால் பத்துப் பன்னிரண்டு நாளில் அங்கே வேர் இறங்கும். காற்றில் கொடி புரளாது. முதல் வேருக்கு நோய் வந்தாலும் கொடியின் முன்பாதி பிழைத்துக்கொள்ளும். முதன்மைக் கொடி 6, 7 அடி நீண்டதும் நுனியைக் கிள்ளிவிட வேண்டும். மூன்று நான்கு பக்கக் கொடிகள் கிளம்பும். அவற்றில் நல்ல மூன்றை விசிறி போலப் பரப்பிவிட்டு மற்றவற்றை இளசாக இருக்கும்போதே எடுத்துவிடலாம். கிள்ளிய தளிர்களை எறிய வேண்டாம். சுணையுள்ள மேல்நாரை உரித்துவிட்டு, பாசிப்பருப்புச் சேர்த்துப் பொரியலாக்கினால் கீரைக்குக் கீரை ஆயிற்று. நுனியைக் கிள்ள மனம் வராமல் பலர் விட்டுவிடுகிறார்கள். கொடியின் நீளத்தை மட்டுமே பார்த்து மகிழ்வதாக இருந்தால் கிள்ள வேண்டாம். காய் வேண்டுமென்றால் கிள்ளித்தான் ஆகவேண்டும்.

தரையே இல்லாதவர்கள் மாட்டுக்கொட்டகைக் கூரை, வைக்கோல் போர், மொட்டை மாடியின் கைப்பிடிச் சுவர் ஆகியவற்றில் ஏற்றலாம். பந்தல் போடுவதானால் புடலைக்குப் போடும் சவுக்குக் குச்சிப் பந்தல் போதாது. கல்தூண் அல்லது இரும்புக் குழாயில் கம்பி இழுத்த பந்தல் வேண்டும். பந்தலில் தொங்கும் காய் தேங்காய் அளவு வந்தவுடன், பழைய வேட்டித் துணியிலோ வெங்காயச் சாக்கிலோ ஊஞ்சல் போலத் தாங்கல் கட்டி, அதன் பாரம் காம்பில் விழாமல் பந்தல் கம்பியில் விழும்படி செய்ய வேண்டும்.

தண்ணீரைப் பொறுத்தவரை, வாரத்துக்கு இருமுறை குழி நன்றாக நனையும்படி விட்டால் போதும். மணல் பூமியில் மூன்று முறை. இலையின் மேல் தெளிக்க வேண்டாம். நடுப்பகலில் இலைகளெல்லாம் குடை மடங்கியது போலத் தொங்குவதைக் கண்டு உடனே தண்ணீர் ஊற்ற ஓடாதீர்கள். அகன்ற இலை வேர் கொடுப்பதைவிட வேகமாக நீரை வெளியேற்றுவதால் அப்படித் துவளும்; மாலை ஐந்து மணிக்கு நிமிர்ந்துவிட்டால் கவலை இல்லை. மறுநாள் காலையிலும் துவண்டே கிடந்தால்தான் நீர்ப் பற்றாக்குறையா, வேரில் கோளாறா என்று பார்க்க வேண்டும்.

பூக்கள் விதைத்த 40 நாள் அளவில் தொடங்கும். முதல் ஒன்றிரண்டு வாரங்கள் வருவன பெரும்பாலும் ஆண் பூக்களே. அவை உதிர்வதைக் கண்டு கொடி வீணாயிற்று என்று நினைப்பது மிகப் பரவலான தவறு. ஆண் பூ நீண்டு மெலிந்த காம்பில் நிமிர்ந்து நிற்கும். பெண் பூ குட்டைக் காம்பில், இதழ்களுக்குக் கீழே கோலிக்குண்டு போன்ற பிஞ்சோடு பிறக்கும். அந்தப் பிஞ்சு இருப்பதனாலேயே காய் பிடித்துவிட்டது என்று பொருளில்லை. மகரந்தம் சேராவிட்டால் நான்கைந்து நாளில் அது மஞ்சளாகி, வெம்பி, கையில் தொட்டால் கழன்று வரும். ‘பிஞ்சு எல்லாம் அழுகுகிறது, என்ன மருந்து அடிக்கலாம்’ என்று கேட்பவர்களில் பெரும்பாலோரின் தோட்டத்தில் குறைவது தேனீதான். சுற்றிலும் கட்டடங்களாகிவிட்ட தெருக்களில் இதைக் கண்கூடாகக் காண்கிறோம்.

அந்த வேலையை நாமே செய்யலாம். ஒரு பூவுக்கு ஒரு நிமிடம் ஆகும். முதல் நாள் மாலையே கொடியைச் சுற்றிவந்து, நுனி மஞ்சள் ஏறி மறுநாள் விரியப்போகும் பெண் மொட்டுகளைப் பார்த்து வைத்துக்கொள்ள வேண்டும். பூ விடியற்காலையில் விரிந்து, வெயில் ஏறி ஒன்பது, பத்து மணிக்குள் வாடத் தொடங்கிவிடும். ஆகையால் ஆறு மணிக்கும் எட்டு மணிக்கும் இடையில் தோட்டத்தில் இருக்க வேண்டும். அன்று விரிந்த ஆண் பூ ஒன்றைக் காம்போடு பறித்து, இதழ்களைக் கிழித்து எடுத்தால் நடுவில் மஞ்சள் பொடி படர்ந்த ஒரு திரி நிற்கும். விரலால் தொட்டால் பொடி ஒட்ட வேண்டும். ஒட்டாவிட்டால் மழையில் நனைந்த பூ, வேறு பூ எடுங்கள். பெண் பூவின் நடுவில் மூன்று பிரிவாக, ஈரப்பசையோடு தடித்த சூல்முடி இருக்கும். மூன்று பிரிவுகளிலும் படும்படி திரியை மெதுவாகத் தடவ வேண்டும். ஒரு பக்கம் மட்டும் தடவினால் காய் ஒரு பக்கம் சூம்பி வளரும். ஒரு பெண் பூவுக்கு இரண்டு ஆண் பூக்களைப் பயன்படுத்துவது என் வழக்கம். சில நாட்களில் பூவை விரித்துப் பார்க்கும்போதே, உடம்பெல்லாம் மஞ்சள் அப்பிய தேனீ ஒன்று அடியில் தேன் குடித்துக்கொண்டிருக்கும். அன்றைக்கு அந்தப் பூவில் கை வைக்காமல் அடுத்ததற்குப் போய்விடுவேன். பூக்கும் காலத்தில் காலை வேளையில் எந்தத் தெளிப்பும் கூடாது என்பதற்கும் அதுவே காரணம். வேப்பெண்ணெயானாலும் பூ மூடிய பின் மாலையில்தான் தெளிக்க வேண்டும்.

காய் பிடித்தபின் எண்ணிக்கையைக் குறைக்க வேண்டும். பெருங்காய் இரகத்தில் கொடிக்கு இரண்டு அல்லது மூன்று, சிறுகாய் இரகத்தில் ஐந்தாறு போதும். காய்க்கு அப்பால் ஐந்து இலைகளை விட்டு நுனியைக் கிள்ளினால் கொடி மேலும் ஓடாமல் காயைப் பெருக்கும். மிகுதியான பிஞ்சுகளை இளம் பொரியலுக்கு எடுத்துக்கொள்ளலாம். விட்ட காய்களின் அடியில் ஓட்டுத் துண்டு, தட்டைக் கல் அல்லது காய்ந்த தென்னை மட்டையை வைத்துவிட வேண்டும்.

பிஞ்சுக்குப் பெரும் பகை பழ ஈ. குளவி போன்ற தோற்றமுள்ள பழுப்பு ஈ ஒன்று மென்தோலில் ஊசி குத்தியது போலத் துளையிட்டு முட்டை வைக்கும். அந்த இடத்தில் பிசின் வடிந்து, காய் கோணி, உள்ளே புழு நெளிந்து அழுகும். கையால் மகரந்தம் சேர்த்த மூன்றாம் நாளே பிஞ்சைச் செய்தித்தாள் உறையிலோ மெல்லிய துணிப் பையிலோ மூடிவிட்டால் பெரும்பாலும் காக்கலாம். தோல் தடித்தபின் உறையை எடுத்துவிடலாம். குத்துப்பட்ட காயை உரக்குழியில் போடாதீர்கள். புழு மண்ணில் இறங்கிக் கூட்டுப்புழுவாகி மறுபடி ஈயாக வரும். பிளாஸ்டிக் பையில் கட்டி இரண்டு நாள் வெயிலில் வைத்துப் பிறகு புதைக்க வேண்டும். பொறி வாங்குபவர்கள் பூசணி இன ஈக்கு உரிய கியூலூர் பொறியைக் கேட்டு வாங்க வேண்டும். மாமரத்துக்கு மாட்டும் மெத்தில் யூஜினால் பொறி இந்த ஈயை இழுக்காது.

இலைகளைப் பற்றி ஒரு குழப்பத்தைத் தீர்த்துவிடுகிறேன். பரங்கி இலையில் நரம்புகள் பிரியும் இடங்களில் வெள்ளி பூசியது போன்ற திட்டுகள் இருக்கும். அது பல இரகங்களுக்கு இயல்பான நிறம், நோயன்று. விரலால் தேய்த்துப் பாருங்கள். மாவு போல் விரலில் ஒட்டினால்தான் சாம்பல் நோய். அது பெரும்பாலும் முதிர்ந்த இலைகளில் பனிக்காலத்தில் வரும். அடி இலைகளை அகற்றிக் காற்றோட்டம் ஏற்படுத்தி, ஒரு பங்கு பாலுக்கு ஒன்பது பங்கு நீர் கலந்து, வெயில் உள்ள காலையில், பூக்களின் மேல் படாமல் இலைகளில் வாரம் ஒரு முறை தெளிக்கலாம். காலைத் தெளிப்பு கூடாது என்ற விதிக்கு நான் வைத்திருக்கும் ஒரே விலக்கு இது. கந்தகத் தூளைப் போடாதீர்கள், இந்தக் குடும்பத்துச் செடிகளின் இலையை அது கருக்கும். இலை சுருங்கி, மஞ்சளும் பச்சையுமாகத் தேமல் படர்ந்தால் அது அசுவினியும் வெள்ளை ஈயும் கொண்டுவரும் நச்சுயிரி நோய். அதற்கு மருந்து இல்லை; அந்தக் கொடியை வேரோடு எடுத்துவிடுவதே மற்றதைக் காக்கும் வழி. எனக்கும் ஒவ்வொரு முறையும் மனம் கனக்கத்தான் செய்கிறது.

முற்றிய காயைப் பறிக்க அவசரப்பட வேண்டாம். காம்பு பச்சை மாறிக் கட்டை போலக் காய்ந்து, நகத்தால் அழுத்தினால் தோலில் பதியாமல், தரையில் பட்ட பக்கம் மஞ்சளாகியிருக்க வேண்டும். காம்பை மூன்று விரற்கடை விட்டுக் கத்தியால் அறுக்க வேண்டும். காம்பைப் பிடித்துத் தூக்கக்கூடாது, அது கழன்றால் அந்த இடத்திலிருந்தே அழுகல் தொடங்கும். பத்து நாள் காற்றோட்டமான நிழலில் ஆறவைத்து, பிறகு பரணில் வைக்கோல் பரப்பி, ஒன்றோடொன்று உரசாமல் அடுக்கினால் மூன்று மாதம் வரை இருக்கும். முதல் மாதத்தில் இனிப்பும் கூடும். அறுத்த காய் வாயில் வைத்தவுடன் கசந்தால், சமைத்தால் சரியாகிவிடும் என்று எண்ணாமல் எறிந்துவிடுங்கள். அந்தக் கசப்பு நஞ்சு.

விதை எடுப்பதற்கு, பறித்து ஒரு மாதம் ஓய்ந்த காயை, தேமல் படியாத கொடியிலிருந்து தேர்ந்தெடுங்கள். வீட்டில் ஒரே இரகம் மட்டும் இருந்தால் விதை மாறாது. பக்கத்துத் தோட்டத்தில் வேறு பரங்கி இருந்தால், கையால் மகரந்தம் சேர்க்கும் பூக்களை, ஆணையும் பெண்ணையும், முந்திய மாலையே நூலால் கட்டி மூடி, தடவிய பின்னும் பெண் பூவை மறுபடி கட்டிவிட்டு, அந்தக் காயின் காம்பில் ஒரு நிறத் துணியை அடையாளமாக முடிந்து வைக்க வேண்டும். விதைகளைக் கழுவி, நிழலில் ஒரு வாரம் உலர்த்தி, சாம்பலில் புரட்டிக் கண்ணாடிப் புட்டியில் மூடி, இரகத்தையும் மாதத்தையும் எழுதி ஒட்டுங்கள். அடுத்த ஆடியில் அதே குழியில் ஊன்றாமல், அவரையோ தட்டைப்பயறோ இருந்த இடத்தில் புதுக்குழி எடுங்கள்.